பத்துக்குப் பன்னிரண்டு அறையில் ஒரு பெரிய போர்வை

பதுளை நகரில் வெயில் அடித்தாலும் பசறை வீதியில் பஸ் ஏற ஏறக் குளிர் தொடங்கிவிடும். நமுனுகுல மலையை அண்டிய தோட்டங்களில் நவம்பர் முதல் ஜனவரி வரை மழையும் குளிரும் சேர்ந்தே வரும். தகரக் கூரை லயத்தில் விடியற்காலையில் படுத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். முன்னாளில் தோட்டத்தில் கம்பளி கொடுத்து, அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். இன்று கடையில்தான் வாங்க வேண்டும். வாங்க முடியாத வீட்டில், பழைய சேலைகளை அடுக்கித் தைத்த ஒட்டுப் போர்வைதான்.

அப்படித் தைக்கும் ஓர் அம்மாவை அங்கே ஒரு தோட்டத்தில் சந்தித்தேன். கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். சிங்கர் கம்பனி 1877இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. இவருடைய கால்மிதி மெசினும் தாயிடமிருந்து வந்த பழைய சிங்கர்தான். வெளிச்சத்துக்காக இஸ்தோப்பில் போட்டிருக்கிறார்.

ஊசிக்கும் மெசினின் வலப்பக்கத் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான் உண்டு. ஆறடி அகலப் போர்வை அதற்குள் எப்படிப் போகும்? இரண்டு பக்கத்தையும் பாய் போலச் சுருட்டி, துணி நாடாவால் கட்டிவிடுகிறார். வலப்பக்கச் சுருள் மட்டும் மெசினுக்குள் போகிறது. ஒரு பாதி முடிந்ததும் போர்வையைத் திருப்பி மறுபாதி.

"நடுவுலயிருந்து ஓரத்துக்குத் தைக்கணும் மிஸ். ஓரத்துல தொடங்கினா நடுவுல சுருங்கி மேடு வந்துரும்," என்றார்.

தடித்த ஊசி, நீளத் தையல், மெதுவான மிதி. போர்வையின் பாரம் கீழே தொங்கினால் ஊசி வளைந்து முறியும் என்பதால் இடப்பக்கம் ஒரு வாங்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேத்தி மறுமுனையைத் தாங்கிக்கொள்கிறாள்.

ஆனால் உண்மையான கஷ்டம் மெசினில் இல்லை. தைக்க முன் துணிகளைச் சுருக்கமில்லாமல் விரித்து, பெரிய கைத்தையலால் மூன்றடுக்கையும் பிடித்துக்கொள்ள வேண்டும். லய அறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. கட்டிலும் அலுமாரியும் போக மிச்சம் எவ்வளவு? வாசலில்தான் விரிக்கிறார், அதுவும் காய்ந்த நாளில், கோழிகளை விரட்டிக்கொண்டு. போர்வை தேவைப்படும் மாதங்களில் விரிக்க வழியில்லை. சுயதொழில் திட்டங்கள் பெண்களுக்கு மெசின் கொடுக்கின்றன, பயிற்சியும் கொடுக்கின்றன. தைத்ததை விரிக்க ஒரு தரை வேண்டுமென்று யாரும் எழுதி வைப்பதில்லை! அந்தத் தோட்டத்தின் பொதுமண்டபம் ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியே கிடக்கிறது. அதன் சாவியைத்தான் அங்குள்ள ஐந்தாறு பெண்கள் கேட்கிறார்கள்.

இடமில்லாதபோது போர்வையை நான்கு துண்டாகத் தைத்து, பிறகு பட்டி வைத்து இணைக்கிறார். அந்த முறையை அவருக்குப் பிடிக்கவில்லை. இணைப்பு தடித்து, வயதானவர்களின் முதுகில் உறுத்துமாம்.

நான் போன அன்று பதுளையிலிருந்து ஒரு பிரசவ வீட்டுக்காக வந்த ஓடர் கையில் இருந்தது. ஒரே துண்டாக வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். அது ஒக்டோபர் கடைசி.