155 ரூபாய் பாடம்



ஒரு தவறை ஒப்புக்கொள்ளத்தான் இந்தப் பதிவு.

ஒரகடத்தில் வேலை செய்யும் என் பழைய மாணவன் 2023 ஜூலையில் இனிப்போடு வந்தான். "டீச்சர், சம்பளம் 20,600லிருந்து 22,400 ஆயிடுச்சு. இனிமே இ.எஸ்.ஐ. கிடையாது, கம்பெனி இன்சூரன்ஸ்தான். அம்மாவைச் சேர்க்கணும்னா வருஷத்துக்கு 11,000 பிடிப்பாங்களாம். சேர்க்கட்டுமா?"

நான் கணக்குப் போட்டேன். மாதம் 917 ரூபாய். "உயர்வுல பாதி போயிடுதேப்பா. அம்மா நல்லாத்தானே இருக்காங்க, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றேன். 34 வருஷம் சதவீதம் சொல்லிக் கொடுத்தவள் சொன்ன யோசனை அது.

இ.எஸ்.ஐ.யில் அவன் பங்கு 0.75 சதவீதம். மாதம் 155 ரூபாய். நிறுவனம் 3.25 சதவீதம் கட்டும். அதிலேயே மனைவி, பிள்ளைகள், அவனை நம்பியிருக்கும் அம்மா எல்லோருக்கும் சிகிச்சை. செலவுக்கு வரம்பும் கிடையாது. 2017 ஜனவரியில் வைத்த 21,000 ரூபாய் உச்சவரம்பைச் சம்பளம் தாண்டினால் இது நின்றுபோகும். ஆனால் உடனே அல்ல. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு கட்டம், அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு கட்டம். நடுவில் சம்பளம் கூடினால் அந்தக் கட்டம் முடியும் வரை பிடிப்பார்கள். இவனுக்கு 2023 செப்டம்பர் வரை பிடித்தார்கள். அதன் பலன் 2024 ஜூனோடு முடிந்தது.

ஆகஸ்டில் அம்மாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். முதல்வர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதுவும் இல்லை. மருமகள் நகை அடகுக்குப் போனது. அம்மா பிழைத்துக்கொண்டார். அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அமெரிக்காவில் இருக்கும் மாணவி ஒருத்தி சொன்னாள்: அங்கே வரி பிடிப்பதற்கு முன்பே சம்பளத்தில் ஒரு தொகையை மருத்துவத்துக்கென்று தனிக் கணக்கில் போடலாமாம். நமக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. வரிச் சலுகை உண்டு. உங்கள் குடும்பத்துக்குக் கட்டும் பிரீமியத்துக்கு 25,000 வரை, 60 வயதான பெற்றோருக்குக் கட்டுவதற்கு 50,000 வரை. ஆனால் பழைய வரி முறையில் இருந்தால்தான்.

ஆகவே பிள்ளைகளே, சம்பளம் 21,000ஐ நெருங்கும்போதே ஹெச்.ஆரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். என் இ.எஸ்.ஐ. எந்தத் தேதி வரை? புதிய பாலிசியில் பெற்றோர் உண்டா? அவர்களைச் சேர்க்கக் கடைசி நாள் எது? வேலையை விட்டால் கம்பெனி பாலிசியும் போய்விடும் என்பதால், முடிந்தவர்கள் சொந்தமாக ஒரு சிறிய பாலிசியும் எடுத்து வையுங்கள். முடியாதவர்கள், பிடித்தம் நின்ற அந்த 155 ரூபாயையாவது மாதாமாதம் சேமித்து வையுங்கள்.

அவன் இந்த வருஷம் அம்மாவைச் சேர்த்துவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்