கொடி பிடிச்ச கதை

கொடி பிடிச்சேன்னு சொன்னதும் எந்தக் கட்சின்னு கேக்காதீங்க மக்கா. இது வேற கொடி. ஒரு முழக் குச்சி, அதுல மஞ்சத் துணி. கட்சிக் கொடி பிடிச்சா பிரியாணியாவது கிடைக்கும். இதுக்குத் திட்டுதான்.

நடந்தது 2023 நவம்பர்ல. ஆன்சைட்னு இங்கிலாந்துக்கு அனுப்பி வச்சாங்க, ரெடிங் பக்கத்துல பொட்டி தட்டிக்கிட்டு இருந்தேன். எங்க டீம் லீட் மதுரைக்காரர். வெள்ளைக்காரங்க எல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க, எனக்கு மட்டும் அவர் அண்ணன். நான் திருமங்கலம்ங்கிறதால முதல் வாரமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அதுலேருந்து ஞாயித்துக்கிழமை மதியம்னா அண்ணி கையால மட்டன் குழம்பு. ஆனா அந்தக் குழம்புக்கு ஒரு வாடகை உண்டு. காலைல எட்டரை மணிக்கே அண்ணன் கார்ல ஏறி, அவர் பையன் ஆடுற ஃபுட்பால் மேட்சுக்குப் போகணும். வாண்டுக்கு 11 வயசு. 12 வயசுக்கு உட்பட்டவங்க டீம்ல டிஃபென்ஸ் ஆடுறான். பக்கத்துக்கு ஒன்பது பேர், 80 கெஜம் நீள மைதானம், முட்டி வரைக்கும் சேறு.

மூணாவது வாரம்னு நினைக்கிறேன். மேட்ச் ஆரம்பிக்க அஞ்சு நிமிஷம் இருக்கு. கோச் கையில கொடியோட வந்து "லைனுக்கு யாராவது வர்றீங்களா?"ன்னு கேட்டார். இந்த மாதிரி மேட்சுக்கு ரெஃப்ரி ஒருத்தர் வந்தாலே பெரிய விஷயம். கோட்டோரம் கொடி பிடிக்க ரெண்டு டீமும் ஆளுக்கு ஒருத்தரைக் கொடுக்கணும். சம்பளம் எல்லாம் கிடையாது. கோச் கேட்ட அடுத்த நொடி அங்க இருந்த இருபது அப்பா அம்மாவுக்கும் ஒரே நேரத்துல போன் வந்துருச்சு. கிளாஸ்ல வாத்தியார் கேள்வி கேட்டதும் நாம பேனா மூடியைத் தேடுவோமே, அப்படி. அண்ணன் என் முதுகுல ஒரு தட்டு தட்டி "தம்பி பிடிப்பான்"னுட்டார். குழம்பு வாசம் கண்ணு முன்னாடி(!) வந்து போச்சு. வாங்கிட்டேன்.

அன்னிக்கு ரெஃப்ரி எழுபதை ஒட்டின ஒரு தாத்தா. "பந்து வெளிய போனா காட்டு. ஆஃப்சைடு இருந்தா காட்டு. முடிவு என்னுது, திட்டு நமக்குப் பொது"ன்னு சிரிச்சார். அவர் ஜோக் அடிக்கிறார்னு நானும் சிரிச்சேன்.

டிவில பாக்குறப்போ ஆஃப்சைடு ரொம்ப ஈசி. கோட்டுல நின்னு பாத்தாத்தான் தெரியும். முன்னாடி நிக்கிற பையன் பந்தையும் தாண்டி, எதிரணியில கடைசியிலேருந்து ரெண்டாவது ஆளையும் தாண்டி கோல் பக்கம் இருந்தா ஆஃப்சைடு. அவன் பந்தை வாங்குற நேரத்துல எங்க இருந்தான்ங்கிறது கணக்கே இல்ல. இன்னொருத்தன் பந்தை உதைச்ச அந்த நொடியில எங்க இருந்தான்ங்கிறதுதான் கணக்கு. உதைக்கிறவன் இடது பக்கம் முப்பது கெஜத்துல, ஓடுறவன் வலது பக்கம். ஒரே நேரத்துல ரெண்டையும் பாக்கணும். நம்ம பாஷைல சொன்னா ரெண்டு சென்சார், ஒரு கடிகாரம், அதுவும் சிங்கக்கண்ணு இல்ல, கண்ணாடி போட்ட ஓட்டைக் கண்ணு. சுத்தமான ரேஸ் கண்டிஷன். கண்ணைத் திருப்புற நேரத்துக்குள்ள ஓடுறவன் ரெண்டு எட்டு போயிருப்பான். இதுல கோட்டுக்கு நேரா நிக்காம பத்தடி தள்ளி நின்னு பாத்தா ஆஃப்சைடு இல்லாததும் ஆஃப்சைடாத் தெரியும். பெத்தவங்க அத்தனை பேரும் அப்படித் தள்ளித்தான் நிக்கிறாங்க. அத்தனை பேருக்கும் தெளிவாத் தெரியுது!

ஆரம்பிச்சு பத்து நிமிஷத்துல எனக்குப் பின்னாடி ஒரு பச்சை ஜாக்கெட்காரர், எதிர் டீம் பையன் ஒருத்தனோட அப்பா, "ஆஃப்சைடு! கொடியைத் தூக்குய்யா!"ன்னு கத்தினார். அது த்ரோ-இன். த்ரோ-இன்ல நேரா வர்ற பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது, கார்னர் கிக்குக்கும் கிடையாது. இதை நானே முந்தின நாள் ராத்திரிதான் படிச்சேன். திரும்பி மரியாதையா சொன்னேன். "இது உங்க ஊர் கிரிக்கெட் இல்ல"ன்னு பதில் வந்துச்சு. பக்கத்துல ரெண்டு பேர் சிரிச்சாங்க. அதுக்கப்புறம் நான் திரும்பவே இல்ல. ஆனா காது பின்னாடியேதான் இருந்துச்சு. கண்ணு தெரியலையா, எவ்வளவு வாங்கினே, வீட்டுக்குப் போ... ஒண்ணு ஒண்ணா விழுந்துக்கிட்டே இருந்துச்சு.

உண்மையைச் சொல்லணும், நான் ஒரு தப்பும் பண்ணினேன். அவங்க பையன் ஒருத்தன் தனியா ஓடிப் போய் கோல் அடிச்சான். நான் கொடியைத் தூக்கிட்டேன், தாத்தா விசில் அடிச்சு கோல் இல்லைன்னுட்டார். ஆட்டம் திரும்ப ஆரம்பிச்ச பிறகுதான் பளிச்சுனு உறைச்சுது. பந்தை உதைச்சப்போ அவன் நடுக்கோட்டைத் தாண்டவே இல்ல. சொந்தப் பாதியில இருந்தா ஆஃப்சைடு கிடையாது. வயித்துல புளியைக் கரைச்சுது. கோல் போன அந்தச் சின்னப் பையன் ஒரு தடவை என்னைப் பாத்துட்டு பேசாம ஓடிப் போய் அவன் இடத்துல நின்னுக்கிட்டான். பச்சை ஜாக்கெட் மட்டும் கயித்தைத் தாண்டி உள்ள வந்து என் மூஞ்சிக்கு நேரா விரலை ஆட்டிட்டுப் போனார்.

அந்தக் கயிறு பத்தி ஒண்ணு சொல்லணும். இங்கிலாந்து ஃபுட்பால் சங்கம் 2008ல 'ரெஸ்பெக்ட்'னு ஒரு இயக்கம் ஆரம்பிச்சாங்க. அதுல ஒரு அம்சம்தான் இந்தத் தடுப்பு. கோட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி ஒரு நாடாவைக் கட்டி பெத்தவங்களை அதுக்கு அந்தப் பக்கம் நிறுத்துறது. எதிர்த்துப் பேசினா பத்து நிமிஷம் வெளிய உக்கார வைக்கிற 'சின் பின்' 2019-20 சீசன்லேருந்து கீழ்மட்ட ஆட்டங்கள்ல வந்துச்சு. ஆனா அது ஆடுறவங்களுக்கு. கயித்துக்குப் பின்னாடி நிக்கிறவங்களை எங்க உக்கார வைக்கிறது? 2023ல ரெஃப்ரிங்க நெஞ்சுல கேமரா மாட்டிவிட்டு சோதனை பண்ணவும் ஆரம்பிச்சாங்க, போலீஸ்காரங்களுக்கு மாதிரி. அமெச்சூர் ஆட்டத்துக்கு விசில் ஊதப் போறவனுக்கு கேமரா!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். திருமங்கலத்துல நாங்க ஆடின ரப்பர் பந்து கிரிக்கெட்ல பேட்டிங் டீம் ஆள்தான் அம்பயர். அதனால எல்.பி.டபிள்யூன்னு ஒரு சமாச்சாரமே கிடையாது. சண்டை வராத நாளே இல்ல, ஸ்டம்பைப் பிடுங்கிட்டு ஓடினவன் எல்லாம் உண்டு. ஆனா எங்க அப்பாக்கள் யாரும் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுத்ததில்ல. வந்தா குச்சியோட வருவாங்க, அதுவும் எங்களுக்கு மட்டும்தான். அன்னிக்கு அதை அநியாயம்னு நினைச்சேன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. கோட்டோரம் நிக்கிறவங்களைப் பத்தி நெட்ல தேடிக்கிட்டே இருந்தேன். நெதர்லாந்துல ஆல்மெரேன்னு ஒரு ஊர். ரிச்சர்ட் நியூவன்ஹவுஸன்னு ஒருத்தர், 41 வயசு. பையன் ஆடின மேட்சுக்கு அவரும் என்னை மாதிரிதான், சும்மா கொடி பிடிக்கப் போனார். 2012 டிசம்பர் 2. மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீம் பசங்க அவரைக் கீழ தள்ளி உதைச்சாங்க. மறுநாள் ஆஸ்பத்திரியில இறந்துட்டார். அடுத்த வார இறுதியில நாடு முழுக்க அமெச்சூர் மேட்ச் எல்லாத்தையும் ரத்து பண்ணினாங்க. 2013ல கோர்ட் தண்டிச்சது விடலைப் பசங்க ஆறு பேரையும், கூடவே அதுல ஒருத்தனோட அப்பாவையும். அப்பாவுக்கு ஆறு வருஷம். அந்த இடத்துல போனைக் கவுத்து வச்சுட்டேன். மேஜை மேல கொடி கிடந்துச்சு, திருப்பிக் கொடுக்க மறந்திருந்தேன்.

இது வரைக்கும் படிச்சவங்க, பச்சை ஜாக்கெட்தான் கதையோட வில்லன்னு நினைச்சிருப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

டிசம்பர்ல ஒரு ஞாயிறு. ரெஃப்ரியா வந்தது ஒரு பையன். அங்க 14 வயசு ஆனாலே ரெஃப்ரி கோர்ஸ் படிக்கலாம். இவனுக்கு 15 இருக்கும். மீசை முளைக்கலை, கறுப்புச் சட்டை தோள்ல தொங்குது. கார் பார்க்கிங் ஓரத்துல அவங்க அம்மா ஒரு ஃபிளாஸ்க்கோட தனியா நின்னுக்கிட்டு இருந்தாங்க. நான் வழக்கம்போல கொடியோட கோட்டுல. இப்ப நான்தான் டீமோட நிரந்தர லைன்ஸ்மேன்!

ரெண்டாவது பாதி, ஒண்ணுக்கு ஒண்ணு. எங்க பெனால்டி ஏரியாக்குள்ள ஒரு தள்ளுமுள்ளு, பந்து யார் மேலயோ பட்டுத் திரும்புச்சு. பையன் விசில் அடிச்சு புள்ளியைக் காட்டினான். ஹேண்ட்பால், பெனால்டி. கை பட்டதுன்னு அவன் காட்டினது நம்ம வாண்டை.

பின்னாடியிருந்து ஒரு குரல். "வாட் ஆர் யூ டூயிங்? ஆர் யூ பிளைண்ட்? யூ ஆர் எ டிஸ்கிரேஸ்!" குரல் பழகின குரல். திரும்பிப் பாத்தா அண்ணன். கயித்தைப் பிடிச்சுக்கிட்டு, கழுத்து நரம்பு புடைக்க. நிறுத்தலை. பெனால்டி கோல் ஆன பிறகும் நிறுத்தலை. பையன் எங்க பக்கமா ஓடி வர்றப்போ எல்லாம் ஏதாவது ஒண்ணு. கடைசியா "யாருடா இவனுக்கு விசில் குடுத்தது?"ன்னு தமிழ்ல.

இதே அண்ணனை நான் ஒரு தடவை ராத்திரி ரெண்டு மணிக்குப் பாத்திருக்கேன். என்னோட ஒரு வரி மாத்தத்தால க்ளையண்டோட பேமெண்ட் சிஸ்டம் நாப்பது நிமிஷம் படுத்துருச்சு. கால்ல முப்பது பேர். யார் பண்ணினதுன்னு டேமேஜர் கேக்கறார். அண்ணன் சொன்னார், "யாருங்கிறது இப்ப முக்கியம் இல்ல, முதல்ல ரோல்பேக் பண்ணுவோம்." அப்புறம் தனியா எனக்கு ஒரு மெசேஜ், "பயப்படாத தம்பி, சாப்பிட்டியா?" அன்னிக்கு எனக்கு 26 வயசு. இந்தப் பையனுக்கு 15.

அவன் காது ரெண்டும் சிவந்து போயிருந்துச்சு. குளிர்ல இல்ல. விசில் வாய்கிட்ட போறப்போ கை நடுங்குறது எனக்குத் தெரிஞ்சுது, நான் பத்தடி தூரத்துல இருந்தேன். அண்ணனும் எனக்குப் பத்தடி தூரத்துலதான். திரும்பி "அண்ணே, விடுங்கண்ணே"ன்னு மூணு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லலை. குழம்பு, அப்ரைசல், பெரியவர், ஊர்க்காரர்னு ஆயிரம் காரணம் அப்ப வந்துச்சு. இப்ப எழுதறப்போ ஒண்ணு கூட நிக்க மாட்டேங்குது. பந்தைப் பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு நின்னேன். கடைசியில எங்க கோச்தான் ஓடி வந்து அண்ணன்கிட்ட ஏதோ மெதுவா சொல்லி அடக்கினார்.

மேட்ச் முடிஞ்சதும் பையன் யாருக்கும் கை கொடுக்காம நேரா அம்மாகிட்ட போனான். அவங்க ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து கொடுத்தாங்க. அவன் வாங்காம கார்ல ஏறிக் கதவைச் சாத்திக்கிட்டான்.

திரும்பி வர்றப்போ அண்ணன் கார்லயும் ஓடிச்சு. பெனால்டியே இல்ல, பிரீமியர் லீக்னா வி.ஏ.ஆர். பாத்துத் திருப்பியிருப்பான், இந்த லீகே சரியில்லன்னு. நான் ம்ம் கொட்டிக்கிட்டு இருந்தேன். பின் சீட்டுலேருந்து வாண்டு சொன்னான்.

"அப்பா, கையில பட்டுச்சுப்பா."

"என்னடா?"

"என் கையிலதான். நானே தட்டி விட்டேன். ரெஃப் பாத்துட்டான்."

அதுக்கப்புறம் வீடு வர்ற வரைக்கும் வைப்பர் சத்தம் மட்டும்தான். குழம்பு அன்னிக்கும் இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. நான் சரியா சாப்பிடலைன்னு அண்ணி கேட்டாங்க, ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொல்லி வச்சேன். ராத்திரி அண்ணனுக்கு ஒரு மெசேஜ் அடிச்சேன்: "அண்ணே, அந்தப் பையனுக்கு 15 வயசுதான் இருக்கும்." அனுப்பாம அழிச்சுட்டேன்.

அந்தப் பையன் அதுக்கப்புறம் எங்க மேட்சுக்கு வரலை. கேட்டப்போ கோச் தோளைக் குலுக்கினார், "எங்களுக்கு இனிமே ஊத மாட்டானாம்." ஜனவரி ரெண்டாவது வாரம் ரெஃப்ரியே கிடைக்கலை. கோச்சே விசிலை எடுத்துக்கிட்டார். கொடியை நீட்டினப்போ எல்லாருக்கும் வழக்கம்போல போன் வந்துச்சு. நான் கையை நீட்டறதுக்குள்ள அண்ணன் முன்னாடி வந்து, "குடு தம்பி, இன்னிக்கு நான் பிடிக்கிறேன்"ன்னார். என் மூஞ்சியைப் பாக்கலை.

நான் கயித்துக்குப் பின்னாடி போய் நின்னேன். எதிர் டீம் அம்மா ஒருத்தங்க, நல்ல உசரம், சிவப்புக் குல்லா. அவங்க அண்ணனுக்கு நேர் பின்னாடி. முதல் த்ரோ-இன்லயே ஆரம்பிச்சுட்டாங்க.

இடைவேளையில அண்ணன் வந்தார். காதெல்லாம் சிவந்திருந்துச்சு.

"அந்தம்மா என்ன பேச்சு பேசுது பாத்தியா தம்பி? நான் என்ன வேணும்னா பண்றேன்?"

"பாத்தேண்ணே"ன்னேன்.

ரெண்டாவது பாதிக்குக் கொடியை எங்கிட்ட குடுப்பார்னு நினைச்சேன். ஒரு வாய் டீ குடிச்சுட்டு, அவரே எடுத்துக்கிட்டு கோட்டுக்குப் போனார்.