ஒப்புவிக்கப்பட்ட பாட்டு



ஜெயங்கொண்டத்தில் ஊழியம் செய்துகொண்டு அயர்லாந்து நாட்டு ராக் பாடகர் ஒருவரைப் பற்றி எழுதுவானேன் என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நம் வாலிபர்கள் அவருடைய பாடல்களைக் கைப்பேசியில் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பதை நானும் கேட்டறிவது நலமென்று கருதினேன். போனோ என்று உலகம் அழைக்கும் அவருடைய இயற்பெயர் பால் ஹியூசன். 1960-இல் டப்ளின் நகரில் பிறந்தவர். தந்தை கத்தோலிக்கர், தாய் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவர். 14-ஆம் வயதில் தாயை இழந்தார். தம்முடைய தகப்பனாரின் அடக்கத்திற்குச் சென்ற அத்தாய் அங்கேயே மயங்கி விழுந்தார்; பின்பு பிழைக்கவில்லை. அந்த வெறுமையை நிரப்பவே பாடத் தொடங்கினேன் என்னும் பொருள்பட அவர் பலமுறை பேசியிருக்கிறார்.

யூ2 என்னும் அவருடைய குழு 1983-இல் 'வார்' என்ற இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதன் கடைசிப் பாடல் உருவான விதம் சுவையானது. ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர்களுக்குரிய நேரம் முடியும் தறுவாய். விடிந்தால் வேறொரு குழுவினர் வந்துவிடுவர். பேஸ் கிதார் வாசிப்பவரோ ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டார். இன்னும் ஒரு பாடல் வேண்டும். போனோ வேதாகமத்தைத் திறந்து 40-ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டார். துன்பம் நீளும்போது 6-ஆம் சங்கீதத்தில் தாவீது தேவனை நோக்கி எழுப்பும் கேள்வியைப் பல்லவியாக வைத்துக்கொண்டார். சொற்ப நேரத்தில் பாட்டு முடிந்தது. அதற்குப் பெயரும் '40' தான்.

என்னை நிறுத்திச் சிந்திக்க வைத்தது அதன்பின் மேடையில் நடந்தது. 1980-களில் அவர்களுடைய நிகழ்ச்சிகள் பலவற்றில் இதுவே இறுதிப் பாடல். கூட்டம் பல்லவியைப் பாடத் தொடங்கியதும் பாடகர் மேடையை விட்டு இறங்கிவிடுவார். பிறகு கிதார் வாசிப்பவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செல்வர். கடைசியில் டிரம்ஸ் வாசிப்பவரும் எழுந்து போவார். மேடை வெறுமையாகிவிடும், பாட்டு நிற்காது. ஆயிரக்கணக்கானோர் அதைப் பாடிக்கொண்டே தெருவுக்கு வருவர். கைதட்டலைத் தேடி மேடையேறுகிற ஒருவர், தம் குரல் தேவைப்படாத ஒரு முடிவைத் தாமே அமைத்துக்கொண்டார்! அவருடைய வாழ்விலும் பேச்சிலும் உள்ள யாவற்றையும் நான் மெச்சவில்லை. ஆனால் இதை மெச்சுகிறேன்.

அவர் தெரிந்துகொண்ட அந்தச் சங்கீதத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். சேற்றுக் குழியிலிருந்து தூக்கியெடுக்கப்பட்ட ஒருவனின் பாட்டு அது. புதுப்பாட்டைத் தன் வாயில் வைத்தவர் தேவனே என்கிறான். தான் இயற்றியதாகச் சொல்லவில்லை. அதன் தலைப்புக் குறிப்போ, அது இராகத் தலைவனிடம் ஒப்புவிக்கப்பட்டது என்று தெரிவிக்கிறது. மேலிருந்து பெற்றதை உடனே இன்னொருவர் கையில் கொடுத்துவிடுகிறார் தாவீது. கொடுத்தபின் யார் எப்படிப் பாடுவார் என்பது அவர் வசத்தில் இல்லை.

இதற்குச் சான்று தேட நாம் டப்ளின் வரை போக வேண்டியதில்லை. கொள்ளிடத்தைத் தாண்டித் தஞ்சைக்குப் போனால் போதும். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறு வயதில் சுவார்ட்ஸ் ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டு வளர்ந்தவர் வேதநாயகம் சாஸ்திரியார். அவர் காலத்துச் சபைகளில் பெரும்பாலும் ஜெர்மானிய மெட்டுகளுக்குள் தமிழ்ச் சொற்களை இட்டு அமைத்த ஞானப்பாட்டுகளே ஒலித்தன. தமிழுக்குரிய நெடிலும் குறிலும் அம்மெட்டுகளில் இடறின. சாஸ்திரியார் தமிழ் மக்கள் அறிந்த இராக தாளங்களை எடுத்துக்கொண்டார். அரசவையிலும் கோயில் முற்றத்திலும் ஆடிப் பாடப்பட்ட குறவஞ்சி என்னும் வடிவத்தில் பெத்லகேம் குறவஞ்சியைச் செய்தார். அக்காலத்து மேடைக் கலையை ஆலயத்திற்காக எடுத்துக்கொள்ள அவர் அஞ்சவில்லை. ஊர் ஊராகச் சென்று கதாகாலட்சேபமும் செய்தார். கிதாரைக் கண்டு முகம் சுளிக்கும் நம் மூத்தோர் இதைச் சற்று நினைவிற்கொள்வார்களாக.

1829-ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதிதாக வந்த மிஷனரிமாருக்கும் அவருக்கும் பெரும் பிணக்கு உண்டாயிற்று. தமிழ்க் கீர்த்தனைகளை ஆராதனையிலிருந்து அவர்கள் விலக்க முற்பட்டதை அவர் கடுமையாக எதிர்த்தார். இதில் நான் முழுவதும் அவர் பக்கம். ஆனால் அதே பிணக்கில், சாதி வேறுபாடு பாராமல் எல்லாரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் பங்குபெற வேண்டும் என்ற கட்டளையையும் அவர் எதிர்த்தார். இதில் நான் சிறிதும் அவர் பக்கம் இல்லை. இதை மறைத்து அவரைப் போற்றுவது உண்மையாகாது.

அவருடைய பாடல்களோ அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பில் அவை ஏறின. அங்கிருந்து வயலுக்கும் சேரிக்கும் துக்க வீட்டுக்கும் நடந்தன. எவரோடு ஒரே வரிசையில் அமர அவர் தயங்கினாரோ, அவர்கள் வாயில் அவை குடியேறின. 1864-இல் அவர் மேடையை விட்டு இறங்கினார். பாட்டு நிற்கவில்லை.

சென்ற மாதம் நம் ஆலயத்தில் நடந்ததை நீங்களே கண்டீர்கள். அவருடைய கீர்த்தனை ஒன்றின் இரண்டாம் சரணத்தில் மின்சாரம் நின்றது. கீபோர்டும் கிதாரும் ஒலிபெருக்கியும் ஒருங்கே ஓய்ந்தன. பெண்கள் பகுதியிலிருந்து ஒரு குரல் சரணத்தை இழுத்துப் பிடித்தது. சபையார் யாவரும் அதைத் தொடர்ந்து, சற்றே தாமதமான தாளத்தில், இறுதிவரை பாடினீர்கள். எனக்கு அது மகிழ்ச்சி. பாடகர் குழுவில் கிதார் வாசிக்கும் தம்பிக்கு அப்படியல்ல. சிமென்ட் ஆலையில் முறை வேலை செய்துவிட்டு, தூக்கத்தை ஒறுத்து ஒத்திகைக்கு வருகிறவர் அவர். தாமே பாட்டு எழுதவும் செய்கிறார். ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, "நாங்கள் இல்லாமலே பாடிவிட்டார்களே ஐயா, அப்படியானால் நாங்கள் எதற்கு?" என்றார். குழுவை விட்டு விலகிவிடலாமா என்றும் கேட்டார்.

அது பெருமையில் பிறந்த கேள்வியன்று. உழைத்தவர் கேட்கும் கேள்வி. பிரசங்க பீடத்திலிருந்து இறங்குகிறவர்களுக்கும் அது தெரியும். நான் விளக்கம் எதுவும் சொல்லாமல், அன்று சரணத்தை இழுத்துப் பிடித்த பாட்டியிடம் அவரை அழைத்துச் சென்றேன். முந்திரிக்கொட்டை உடைத்து உடைத்து விரல் கறுத்த கைகள். எழுத்து அறியாதவர். கீர்த்தனைகளை எல்லாம் தம் தாயிடமிருந்து செவிவழியாகப் பெற்றவர். அத்தாயின் காலத்தில் ஓர் ஆலயத்தில் தங்கள் மக்கள் வாசலையொட்டி, பாய் விரிக்காத தரையில் உட்கார்ந்ததை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாஸ்திரியாரின் பெயரைச் சொன்னபோது, "அவரு எந்தச் சபைங்க ஐயா?" என்றார்.

தம்பியைப் பார்த்து, "நீ எழுதினதப் பாடு கேப்போம்" என்றார். அவர் தயங்கித் தயங்கிப் பாடினார். இரண்டாம் முறை பாட்டியும் சேர்ந்துகொண்டார். மூன்றாம் முறை தம்பியின் குரல் தாழ்ந்தது. பாட்டி முன்னே போனார். போகிற போக்கில் ஒரு சொல்லையும் மாற்றிவிட்டார்.

திரும்பும் வழியில் தம்பி வெகுநேரம் பேசவில்லை. கடைவீதி வந்ததும், "என் வரியை மாற்றிவிட்டார் ஐயா" என்றார். சிறிது கழித்து, "அது நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்.

வருகிற ஞாயிறு காணிக்கை எடுக்கும் வேளையில் அப்பாட்டைப் பாட இருக்கிறோம். அச்சிட்ட தாளில் பாட்டி மாற்றிய சொல்லே இருக்கும்.