தூணருகே ஒரு கையகலம்

உத்தரங்களின்றித் தூண்களின்மேல் நேரே தங்கும் கொங்கிறீற்றுத் தளத்தைத் தட்டைத் தளம் என்பர். கீழிருந்து நோக்குவோர்க்கு அது அழகிய எளிமை. பொறியியலாளனுக்கோ அது தீராத கவலை. ஏனெனில், தளத்தின் பாரம் முழுவதும் ஒவ்வொரு தூணையும் சுற்றியுள்ள சிறுபகுதியினூடாகவே இறங்கவேண்டும். அப்பகுதி வலுவிழப்பின் தளம் கீழிறங்க, தூண் அதனைத் துளைத்துக்கொண்டு நிற்கும். இதுவே துளைப்புக் கொய்வு. ஒரு தூணிலே தொடங்கும் அழிவு அயற்றூண்களுக்கும் விரைந்து பரவும். தென்கொரியாவின் சியோல் நகரில், 1995 ஜூன் 29 அன்று, தட்டைத் தளங்களாலான சம்பூங் பல்பொருள் அங்காடி இவ்வாறே சரிந்து 502 பேர் மாண்டனர்.

இவற்றையெல்லாம் நான் பேராதனையில் ஆங்கிலத்திற் கற்றேன். பரீட்சையிலும் குறைவின்றி எழுதினேன். ஆயினும், கற்றது எத்துணை என்பதை 2011ஆம் ஆண்டு வெள்ளவத்தையில் எழுந்த ஒரு தொடர்மாடிக் கட்டடமே எனக்கு உணர்த்திற்று.

அங்குத் தளத்தின் தடிப்பு 250 மில்லிமீற்றர். கணிப்புக்குரிய பயன்படு ஆழம் ஏறக்குறைய 200. தூணைச் சூழ நிலைக்குத்தான கொய்வுக் கம்பிகளை வரிசை வரிசையாகக் கட்டவேண்டும். முதல் வரிசை தூணின் முகத்திலிருந்து அவ்வாழத்தின் அரைப்பங்கில், அதாவது 100 மில்லிமீற்றரில் அமையவேண்டும். வரிசைகளுக்கிடையே 150 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது. மறுநாள் விடியலில் கொங்கிறீற்று இடுவதாக ஏற்பாடு. மாலையிற் சென்று கம்பிகளை எண்ணினேன். வரைபடத்திற் குறித்த தொகை சரியாகவே இருந்தது. கையொப்பமிட்டு வீடு திரும்பினேன்.

இரவு உணவுக்கு அமர்ந்தபோதுதான் அக்காட்சி மீண்டும் கண்முன் வந்தது. தூணுக்கும் முதல் வரிசைக்கும் இடையே ஒரு கையகலமன்று, இரு கையகலம் இருந்தது! உடனே திரும்பிச் சென்று அளந்தேன்: 200 மில்லிமீற்றர்.

கம்பி கட்டும் முதியவர் என்னிலும் இருபது வயது மூத்தவர்; யாழ்ப்பாணத்தவர். "கம்பி ஒண்டும் குறையேல்லையே, தம்பி. தூணடியில நெருக்கம், அதாலதான் கொஞ்சம் தள்ளிக் கட்டினன்" என்றார். அவர் கூற்றிற் பொய்யில்லை. தூணின் கம்பிகளும் தளத்தின் மேற்கம்பிகளும் அவ்விடத்தே பின்னிக் கிடந்தன.

அவருக்கு விளக்க முற்பட்டபோது நான் திகைத்தேன். கற்ற நாள் முதலாக அக்கருத்தை ஒருநாளும் தமிழிற் சொல்லிப் பார்த்ததில்லை. ஈற்றில், பலகையொன்றில் சுண்ணக்கட்டியால் தூணையும் தளத்தையும் வரைந்தேன். வெடிப்பானது தூணும் தளத்தின் அடியும் சேரும் மூலையிலிருந்து புனல்போற் சரிந்து விரிந்து மேற்பரப்பை அடையும். கம்பி அதன் குறுக்கே நின்று, கால் ஒரு புறமும் தலை மறுபுறமுமாகப் பற்றினாலன்றிப் பயனில்லை. இருநூறு மில்லிமீற்றர் விட்டால் வெடிப்பு ஒரு கம்பியையும் தொடாமலே மேலே போய்விடும் என்றேன்.

அவர் சிறிதுநேரம் படத்தையே நோக்கினார். "இதை முந்தியே சொல்லியிருந்தா நான் ஏன் தள்ளிக் கட்டுறன்?" என்றார்.

அவ்வினாவுக்கு என்னிடம் விடையில்லை. என் கையொப்பத்தை நானே நீக்கினேன். கொங்கிறீற்று ஒருநாள் பிற்போடப்பட்டது. நட்டக் கணக்கும் கடுஞ்சொல்லும் என்னையே வந்தடைந்தன. ஒன்பது தூண்களைச் சுற்றியும் கம்பிகள் அவிழ்க்கப்பட்டு மீளக் கட்டப்பட்டன.

கம்பி போதியளவு இருந்தும் வேண்டிய இடத்தில் இல்லாததுபோலவே, என் அறிவும் அதனைக் கட்டும் கைகளுக்கு எட்டாத தொலைவில் இருந்தது. அதனை அண்மையிற் கொணரத் தமிழ் தவறவில்லை, நானே தவறினேன்.

அடுத்த மாடிக்கு அளவுநாடாவுடன் சென்றேன். முதியவர் தூணருகே தம் உள்ளங்கையை வைத்து, உடனிருந்த இளைஞனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்: "வெடிப்பு இதாலதான் ஓடும். கம்பி அதுக்குக் குறுக்க நிக்கவேணும்."