ஓட்டமும் நடையும்

பந்து வீசுகிறவன் எவனுக்கும் ஒரு அடிக் கணக்கு உண்டு. என் கணக்கு ஒன்பது. ஸ்டம்பிலிருந்து திரும்பி ஒன்பது அடி எண்ணிப்போய், பூட்ஸின் குதிகாலால் தரையில் ஒரு கோடு கீறிக்கொள்வேன். இரண்டாம் அடியில் இடதுபக்கம் ஒரு வளைவு. ஆறாவதில் அது நேராகும். ஒன்பதாவதில் இடது கால் கிரீஸில் ஊன்றும்போது கை தன் பாட்டுக்குச் சுற்றி வந்திருக்கும். சுமார் பன்னிரண்டு வருஷம் இதைச் செய்தேன். நடை பற்றி நண்பர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருவது இந்த ஒன்பது அடிகள்தாம். சொன்னதில்லை. நம் இலக்கிய வட்டாரத்தில் கிரிக்கெட் என்பது சற்றுச் சந்தேகத்துக்குரிய விஷயம். அசோகமித்திரன் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ நாவலின் கதாநாயகனை கிரிக்கெட் ஆட வைத்தபோதுகூட அது யாரையும் அதிகம் பாதித்ததாகத் தெரியவில்லை.

அந்த வளைவு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். திருவல்லிக்கேணியில் நாங்கள் குடியிருந்த சந்து மூன்று பேர் கைகோத்து நடந்தால் அடைத்துப்போகிற அகலம். பந்து வீசுகிற முனைக்குப் பின்னால், நேராக ஓடிவர வேண்டிய வழியில், ஒரு அடிபம்பு நின்றது. இடது சுவரை ஒட்டிப் புறப்பட்டு, பம்பைச் சுற்றி, சாய்வாக ஸ்டம்பை நோக்கி வரவேண்டும். வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ளாவிட்டால் கைப்பிடி இடிக்கும். இரண்டு முறை இடித்திருக்கிறது. இதனால் என் மார்பு ஆட்டக்காரனைப் பார்த்து முழுக்கத் திறந்துவிடும். கை கடைசி நொடியில்தான் மேலே எழும்பும். பந்து எங்கிருந்து வருகிறது என்று எதிரே நிற்பவனுக்குச் சட்டென்று புலப்படாது. இதையெல்லாம் நான் யோசித்துச் செய்யவில்லை. பம்பு செய்தது.

பதினாறு வயதில் எனக்கு இது அவமானமாக இருந்தது. 1971 ஆகஸ்டில் ஓவலில் சந்திரசேகர் 38 ரன்னுக்கு ஆறு விக்கெட் எடுத்ததை டிரான்சிஸ்டரில் கேட்டவர்கள் எல்லாரும் அடுத்த நாள் சந்திரசேகர் ஆகிவிட்டார்கள். நானும் ஆனேன். சட்டைக் கையை மணிக்கட்டுவரை பட்டன் போட்டுக்கொண்டு, தாவித் தாவி ஓடி, வேகமாக லெக் பிரேக் போடப் பார்த்தேன். பந்து எதிர்வீட்டு மாடிக்குப் போயிற்று. 1973 ஜனவரியில் சேப்பாக்கத்தில், இங்கிலாந்தை நாம் நாலு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்த ஆட்டத்தில், அவரை நேரில் பார்த்தேன். அந்தத் தொடரில் அவர் எடுத்தது 35 விக்கெட். எனக்கு நினைவிருப்பது விக்கெட்டுகள் அல்ல, அந்தக் கை. சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிப்போன வலது கை. ஃபீல்டிங்கில் பந்தை இடது கையால்தான் எறிவார். வீசுவது மட்டும் சூம்பிய கையால். அது சாட்டை மாதிரிச் சொடுக்கிற வேகத்தை நல்ல கை வைத்திருக்கிற நான் போலி செய்ய நினைத்திருக்கிறேன் என்பது அன்றைக்குக் காலரியில் உட்கார்ந்திருந்தபோது உறைத்தது. வேர்க்கடலை வாங்கிக்கொண்டு அந்த நினைப்பை ஒதுக்கிவிட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே ஆட்டத்தில் பேடியும் வீசினார். சந்திரசேகருக்கு நேர் எதிர். உலாவப் போகிறவர் மாதிரி நாலைந்து எட்டு, ஒரு திரும்பல், பந்து கையை விட்டுப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் அதே எட்டு, அதே திரும்பல். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர், “என்ன இது, பண்ணதையே பண்ணிண்டிருக்கான்” என்றார். ஆனால் பந்துகள் ஒன்றுபோல் இல்லை. ஒன்று மிதந்து முன்னால் விழும்; அடுத்தது அதே உயரத்தில் கிளம்பி ஒரு அடி தள்ளி விழும்; மூன்றாவது திரும்பாமல் கையோடு நேராக உள்ளே போகும். உடம்பு எதையும் காட்டிக்கொடுக்காததால்தான் அந்த வித்தியாசங்களுக்கு அர்த்தம். ஓட்டமே தினம் ஒரு தினுசு என்றால், கடைசியில் விரல் செய்கிற சிறு மாற்றத்தை யார் கவனிக்கப்போகிறார்கள்? இது எனக்குப் புரிய இன்னும் பத்து வருஷம் ஆயிற்று.

நடுவில் ஒரு கோச் வந்தார். கெட்டிக்காரர், நல்லவர், பெயர் வேண்டாம். என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, பிரதட்சிணம் பண்றே?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நேராக ஓடி வா, பக்கவாட்டில் திரும்பு, இடது கையைத் தூக்கு, அந்தத் தோளுக்கு மேலாக ஆட்டக்காரனைப் பார். ஆஃப் ஸ்பின்னுக்கு இலக்கணம் அதுதான். நெட்டையான உடம்பும் உயர்ந்த கையுமாக வெங்கட்ராகவன் நம் ஊரிலேயே அதற்கு உதாரணமாக இருந்தார். கோச் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. மூன்று மாதம் காலையிலும் மாலையிலும் அப்படியே செய்தேன். நெட்டில் அழகாக வந்தது. கண்ணாடி முன் இன்னும் அழகாக வந்தது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, லீக் ஆட்டம். முதல் பந்து இரண்டு முறை தரையில் குதித்துப் போயிற்று. இரண்டாவது விக்கெட் கீப்பருக்கு மேலே. மூன்றாவதில் கை பந்தை விடவே இல்லை. பிடித்தபடி கிரீஸைத் தாண்டி நின்றேன். இதை அனுபவிக்காதவனுக்கு விளக்குவது கஷ்டம். கை இருக்கிறது, பந்து இருக்கிறது, விடவேண்டிய நொடியும் தெரிகிறது. ஆனால் அந்த நொடியை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவன் ஒருத்தன் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டான். அவன் இருக்கும்வரை விரல்கள் திறக்கமாட்டா. காப்டன் தோளில் தட்டிப் பந்தை வாங்கிக்கொண்டான். அந்த சீசன் முழுதும் நான் லாங் லெக்கில் நின்றேன். அந்த வருஷம்தான் கவிதையும் நின்றது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை. எழுதிய வரியை எழுதும்போதே யார் யாருடைய கண்ணாலோ படித்துக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 1972இல் லார்ட்ஸில் தன் முதல் டெஸ்டிலேயே பாப் மாஸி 137 ரன்னுக்கு 16 விக்கெட் எடுத்தார். ஆஸ்திரேலியாவுக்கு ஒரு மேதை கிடைத்துவிட்டதாகப் பேசினார்கள். மொத்தம் ஆறே டெஸ்ட். அடுத்த வருஷம் மேற்கிந்தியத் தீவுகளில் பந்து வளைவதை நிறுத்திவிட்டது. மணிக்கட்டோ விரலோ ஏதோ ஒன்று இடம் மாறிவிட்டது. ஒரே ஒரு தொகுப்போடு நின்றுபோன நம் கவிஞர்கள் இரண்டு பேரை நினைத்துக்கொள்கிறேன். பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

என்னை மீட்டவர் மைதானத்தில் மேட்டிங் விரித்து ஆணியடிக்கிற ஆள். படிப்பில்லை, ஆடியதுமில்லை. வெறும் ஸ்டம்பைப் பார்த்து நான் தனியாகப் போட்டுக்கொண்டிருந்ததை நாலைந்து நாள் பார்த்துவிட்டு, “தம்பி, முன்னெல்லாம் எதியோ சுத்திக்கினு வருவியே, அத்த ஏன் வுட்டுட்டே?” என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் தண்ணீர் தெளிக்கிற வாளியைக் கொண்டுவந்து என் வழியில் வைத்தார். “இத்த சுத்தினு வா.” வந்தேன். வாளியில் கால் படக்கூடாதே என்கிற கவலையில் உள்ளே உட்கார்ந்திருந்தவனை மறந்துவிட்டேன். பந்து விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். நாற்பது பந்தில் பத்துப் பதினைந்து. ஒரு மாதம் கழித்து முப்பது. பிறகு வாளியை எடுத்துவிட்டார், வளைவு தங்கிவிட்டது.

அப்படியானால் திருத்தமே கூடாதா? அப்படிச் சொல்ல முடியாது. டென்னிஸ் லில்லி 1973இல் முதுகெலும்பில் கீறல் கண்டு படுத்தார். எழுந்துவந்து தன் ஓட்டத்தையும் வீச்சையும் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடி கட்டினார். 1984இல் ஓய்வு பெற்றபோது 355 விக்கெட், அன்று அதுவே உலக சாதனை. 1987 முதல் சென்னையிலேயே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவர் திருத்தியது வலித்த முதுகுக்காக. என் உடம்பு என்னிடம் எந்தப் புகாரும் சொல்லியிருக்கவில்லை.

முரளிதரன் கதை இன்னும் சிக்கலானது. கண்டியில் பிறந்தவர், முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராது. 1995 டிசம்பர் 26இல் மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர் எறிகிறார் என்று ஏழு முறை நோபால் சொன்னார். 2004இல் முழங்கையை அசையவிடாத பட்டையை மாட்டிக்கொண்டு காமிராவுக்கு முன் அதே பந்துகளை வீசிக் காட்டினார். பிறகு கருவிகளால் அளந்து பார்த்ததில், சுத்தமானவர்கள் என்று பெயர் வாங்கியவர்களின் கையும் கொஞ்சம் நிமிரத்தான் செய்கிறது என்று தெரிந்தது. 2005இல் எல்லாருக்கும் 15 டிகிரி என்று விதி வந்தது. 2010இல் காலேயில் 800 விக்கெட்டோடு விலகினார். விதி அவருக்காக வளைந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. இலக்கணக்காரர்கள் கண்ணால் பார்த்து எழுதியதைக் கருவி பொய்யாக்கியது என்றே எனக்குப் படுகிறது.

பாணி, நடை என்று இரண்டு சொற்களை நாம் மாற்றி மாற்றிப் புழங்குகிறோம். பாணியை எடுத்துக்கொள்ளலாம், சட்டைக் கை பட்டன் மாதிரி. வாரப் பத்திரிகை நட்சத்திரங்களுக்கு அது நிறைய உண்டு. முதல் வரியிலேயே ஆள் தெரியும், கடைசி வரிவரை அது மட்டுமே தெரியும். நடை என்ற சொல்லில் ஒரு உடம்பு நடக்கிறது. சி. மணி 1968இல் தம் பத்திரிகைக்கு அந்தப் பெயரை வைத்தபோது இதையும் நினைத்திருப்பாரா, தெரியாது.

கடைசியாக ஆடியது 1986இல், ஆபீஸ் ஆட்டம். புது அம்பயர், இளைஞர். என் கோட்டைப் பார்த்தார், பிறகு வளைந்து வருகிற என்னை ஒரு ஒத்திகையில் பார்த்தார். “ஏன் சார் இப்படிச் சுத்தி வர்றீங்க? நேரா வர வழி இருக்கே” என்றார்.

“அங்கே ஒரு பம்பு இருக்கு” என்றேன்.

திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையை இறக்கி ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். முதல் பந்து லெக் பக்கம் விழுந்தது. பௌண்டரி.