கசவு எதனால் ஆனது?

ஓணம் நெருங்கும் நாள்களில் திருவனந்தபுரத்துத் துணிக்கடைகளில் மிகுதியாக விலைபோகும் சொல் ‘பாரம்பரியம்’. வெளுக்காத பருத்தியின் நிறமும் பொன்னிறக் கரையும் கொண்ட முண்டும் சேலையும் அச்சொல்லின் துணையோடுதான் விற்கப்படுகின்றன. அந்தக் கரை எதனால் ஆனது என்று வினவுவோர் மட்டும் குறைவு.

நகருக்குத் தெற்கே, நாகர்கோவில் செல்லும் சாலையில் உள்ள பாலராமபுரம் இந்நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் ஆட்சிக் காலத்தில் (1798–1810) இன்றைய தமிழகத்தின் தென்பகுதியிலிருந்து அழைத்துவரப்பட்ட சாலியர் குடும்பங்கள் இங்கே குடியமர்த்தப்பட்டன. குழித்தறியில் நுண்ணிய பருத்தி நூல் கொண்டு நெய்யும் அவர்களது துணியில் கரை இருபுறமும் ஒரே தோற்றம் தரும்.

கசவு எனப்படும் சரிகையோ மூவகைப்படும். பட்டு நூலின் மீது வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது அசல். வெள்ளிக்குப் பதிலாகச் செம்பைக் கொள்வது அடுத்த தரம். உலோகப் பூச்சேற்றிய பாலியெஸ்டர் இழை மூன்றாவது. புதிதாக இருக்கையில் மூன்றும் ஒன்றுபோலவே மின்னும். ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால் பட்டு மயிர் கருகும் வாடையோடு எரியும். பாலியெஸ்டர் உருகித் திரளும். விற்பனைக்கு வைத்த சேலையில் இழை உருவ எந்தக் கடைக்காரர் இசைவார்?

முத்திரைகள் இல்லாமல் இல்லை. பாலராமபுரத் துணிக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஊரையும் நெசவு முறையையும் காக்கிறது. 2006இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கையால் நெய்யப்பட்டது என்று உறுதி கூறுகிறது. கசவில் எவ்வளவு வெள்ளி, எவ்வளவு பொன் என்பதைச் சொல்வது இவ்விரண்டின் வேலையன்று. மோதிரம் வாங்கும்போது 916 முத்திரையைத் தேடும் கண், அதே பொன்னின் பெயரால் விலை கூடிய சேலையில் எதையும் தேடுவதில்லை.

இந்த மௌனத்தால் இழப்பு வாங்குபவருக்கு மட்டுமன்று. விசைத்தறியில் விரைந்து நெய்த பாலியெஸ்டர்க் கரையும், நாள்கணக்கில் குழித்தறியில் அமர்ந்து நெய்த அசல் கரையும் ஒரே பெயரில் அருகருகே தொங்கும்போது, மலிவானதே எல்லாவற்றுக்கும் விலை வகுக்கிறது. நெசவாளியின் கூலி அங்கேதான் கரைகிறது. தந்தையின் தறியில் மகன் அமராமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

நூலின் நம்பர், கசவின் வகை, தறியின் வகை, நெய்த ஊர்: ஒரு சிறு சீட்டில் இந்த நான்கும் அடங்கும். பழமையின் பெயரால் விலை கேட்கும் எந்த நிறுவனமும் இவற்றைச் சொல்லக் கடமைப்பட்டது. கேட்பவர் பெருகினால் சீட்டும் தானே வரும்.