நாலு மணி வீடு

காலை ஆறு மணி நிகழ்ச்சிக்காக நான் நாலரைக்கு எழுகிறேன் என்றால் நேயர்கள் பாவப்படுவார்கள். ரந்தாவில் அப்பா அதற்குள் கோப்பி குடித்து முடித்திருப்பார்.

நாற்பது வருடம் பால்மரம் வெட்டியவர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். இருட்டிலேயே எழுந்து பழக்கம். கூடவே கறுப்பனும் மணியும் போகும். பாம்பு கிடந்தால் முதலில் குரைப்பவை அவைதான். 2013 ஜூலையில் தனியார் துறையின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60 ஆனது. அதுவரை வெட்டினார். பிறகு தோட்டத்து வீட்டைக் காலி செய்யவேண்டி வந்தது.

"என்னோடு வந்துடுங்கப்பா" என்றேன்.

"இதுங்க?"

என் அடுக்குமாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். சேமநிதிப் பணத்தில் தாமானில் சின்ன வீடு வாங்கிவிட்டார். பெற்ற மகளைவிட நாய் பெரிதா என்று பல நாள் நான் சரியாகப் பேசவில்லை.

போன மாதம் விடுப்பில் போயிருந்தேன். நாலு மணிக்கு அப்பா கேட்டைத் திறந்ததும் இரண்டும் முன்னே ஓடின, வெட்டுக்குப் போகிற மாதிரியே.

"இதுங்க இல்லன்னா உங்கப்பா சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. வந்த புதுசுல அப்படித்தான் இருந்தாரு," என்றார் அம்மா. அதை என்னிடம் யாரும் சொன்னதில்லை.

ஆறு மணிக்கு வானொலியில் வேறொருவர் குரல். அம்மா சத்தத்தைக் குறைத்தார். அப்பா பிஸ்கட்டைப் பிட்டு நாய்களுக்குப் போட்டபடி சொன்னார்: "அடுத்த தடவை இதுங்களுக்கும் ஏதாச்சும் வாங்கிட்டு வாம்மா."